டெல்லிப் பனிக்கு இங்கிலீஷில் எந்தச் சொல்? காற்றில் மிதப்பதும் கண்ணாடியில் படிவதும்

கேள்வி: சென்னையிலிருந்து மாற்றலாகி மயூர் விஹாருக்கு வந்திருக்கிறோம். ஆபீஸுக்கு லேட்டாக வருவேன் என்று மெயில் போடும்போது 'ஹெவி ஸ்னோ' என்று எழுதிவிட்டேன், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஃபாக், மிஸ்ட், ஹேஸ், ஸ்மாக் எல்லாம் எப்படி வேறுபடும்? கார் கண்ணாடி, மூக்குக்கண்ணாடி, பாத்ரூம் கண்ணாடி மங்கிப்போவதை எப்படிச் சொல்வது? பத்தாவது படிக்கும் மகளும் இதையேதான் கேட்கிறாள்.

பதில்:

ஸ்னோ எப்படி உள்ளே நுழைந்தது என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் துளியும் நமக்குப் பனிதான், தெருமுனையை மறைக்கும் வெண்மையும் பனிதான், சிம்லாவில் கொட்டுவதும் பனிதான். இங்கிலீஷில் இவை மூன்றும் வேறு வேறு: டியூ, ஃபாக், ஸ்னோ. ஊட்டியில் ஜனவரி விடியலில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்குமே, அது நாலாவது: ஃப்ராஸ்ட். இந்தி கொஞ்சம் பழகியிருந்தால் இன்னும் சுலபம். ஓஸ், கோஹ்ரா, பர்ஃப், பாலா என்று அங்கேயும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. உங்கள் தெருவில் யாராவது 'கோஹ்ரா' என்றால் மெயிலில் ஃபாக் என்று எழுதுங்கள், தப்பாது.

மற்ற சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதில் பிரயோஜனமில்லை. இரண்டு விஷயம் பார்த்தால் போதும். கண்ணை மறைப்பது காற்றில் மிதக்கிறதா, ஒரு பரப்பின் மேல் படிந்திருக்கிறதா? அது நீரா, புகை தூசி மாதிரி உலர்ந்த பொருளா? இது தெரிந்துவிட்டால் சொல் தானாக வந்து நிற்கும். சொல்லைச் சரியாகப் பிடிப்பது வெறும் இங்கிலீஷ் மார்க் சமாச்சாரமும் இல்லை. ஃபாக் என்றால் வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டும், ஹேஸ் என்றால் மாஸ்க் போட வேண்டும். கண்ணாடியில் ஈரம் என்றால் ஏசியைத் திருப்ப வேண்டும், அழுக்கு என்றால் துணி எடுக்க வேண்டும்.

காற்றில் மிதக்கும் நீரிலிருந்து ஆரம்பிக்கலாம். ஃபாக்கும் மிஸ்ட்டும் பொருளால் ஒன்றேதான்: கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நீர்த்துளிகள். வித்தியாசம் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதில் மட்டும்தான். 1,000 மீட்டருக்குள் பார்வை நின்றுபோனால் ஃபாக், அதற்கு மேலும் தெரிந்தால் மிஸ்ட். உலகம் முழுக்க வானிலைக்காரர்கள் வைத்திருக்கும் கோடு இது. பேச்சில் யாரும் டேப் வைத்து அளக்கப் போவதில்லை. பால்கனியிலிருந்து பார்க்கும்போது எதிர் பிளாக் லேசாகத் தெரிகிறது, அதற்குப் பின்னால் இருக்கும் மெட்ரோ பாலம் வெளிறித் தெரிகிறது என்றால் மிஸ்ட்டி. எதிர் பிளாக்கே காணோம் என்றால் ஃபாகி.

இந்திய வானிலைத் துறை ஃபாக்கையும் நாலாகப் பிரித்து அறிவிக்கிறது. 500 முதல் 1,000 மீட்டர் வரை தெரிந்தால் ஷாலோ, 200 முதல் 500 வரை மாடரேட், 50 முதல் 200 வரை டென்ஸ், 50-க்கும் கீழே போனால் வெரி டென்ஸ். ஆகவே பேப்பரில் 'டென்ஸ் ஃபாக்' என்று பார்த்தால் அது நிருபர் சேர்த்த அலங்காரம் அல்ல, ஒரு அளவு. உங்கள் மெயிலுக்கு வேண்டிய சொல்லும் அதுதான். 'ஹெவி ஃபாக்' தப்பில்லை, அமெரிக்காவில் சகஜமாகச் சொல்வார்கள். ஆனால் இங்கே காதுக்குப் பழகியது டென்ஸ், இல்லாவிட்டால் திக். ஹெவி என்பது ரெயின், டியூ, ஃப்ராஸ்ட், ஸ்னோ இவற்றோடு இயல்பாக ஒட்டும். மிஸ்ட்டுக்கு லைட், ஃபைன், திக். ஹேஸுக்கு தின், திக், சில சமயம் நிறத்தை வைத்து கிரே, பிரவுன்.

ஷாலோ என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. விமான நிலைய வானிலைக் குறிப்பில் அதே சொல் உயரத்தைக் குறிக்கும்: தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேல் எழாத பனிப் படலம். யமுனைக் கரை வயல்களில் மனிதர் தலை மட்டும் வெளியே தெரியும்படி படர்ந்திருக்குமே, அது. துறையின் செய்தி அறிக்கையில் வந்தால் தூரம், விமானிக்குப் போகும் குறிப்பில் வந்தால் உயரம். உங்கள் மகளுக்குப் பரீட்சையில் இது வராது, ஆனால் கட்டுரையில் 'ஷாலோ ஃபாக்' என்று எழுதி ஆழமில்லாத பனி என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம்.

ஹேஸ் முற்றிலும் வேறு. அது நீர் இல்லை, புகை, புழுதி, உப்புப் பொடி போன்ற உலர்ந்த துகள்கள். ஃபாக் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்கும், கை வைத்தால் ஈரம் தெரியும், பைக் ஓட்டினால் புருவத்தில் துளி கட்டும். ஹேஸ் பழுப்போ மஞ்சளோ கலந்து இருக்கும், ஈரம் இராது, மத்தியானம் 2 மணிக்கும் அப்படியே நிற்கும், சூரியன் செம்பு நிற வட்டமாகத் தெரியும். இந்த மத்தியானச் சோதனை டெல்லிக்கு நன்றாகவே பொருந்தும். பதினொரு மணி வெயிலில் கரைந்துவிட்டால் பெரும்பாலும் ஃபாக், கரையாமல் நின்றால் ஹேஸ். (ஜனவரியில் சில நாள் ஃபாக் பகலெல்லாம் விலகாமல் கிடப்பதும் உண்டு. அப்போது ஈரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.) மே, ஜூனில் ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் புழுதியால் வானம் மங்கினால் டஸ்ட் ஹேஸ். காற்று வேகமாக அடித்து மண்ணை வாரி இறைத்தால் அது டஸ்ட் ஸ்டார்ம், உள்ளூர்க்காரர்கள் ஆந்தி என்பது.

உச்சரிப்பு ஒன்று. ஹேஸின் கடைசி ஒலி இசட். தொண்டை அதிர வேண்டும், ரேஸ் மாதிரி முடியக்கூடாது. மிஸ்ட்டும், தவறவிட்டேன் என்பதற்கான மிஸ்ட்டும் காதுக்கு ஒன்றே, எழுத்தில்தான் வேறு: ஒன்றுக்கு எம்-ஐ-எஸ்-டி, மற்றதற்கு எம்-ஐ-எஸ்-எஸ்-இ-டி. 'ஐ மிஸ்ட் தி டிரெய்ன்' என்று எழுதும்போது பிள்ளைகள் தடுமாறும் இடம்.

போனில் வானிலை ஆப்பைத் திறந்தால் டெல்லிக்கு 'ஸ்மோக்' என்று காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், ஏதோ தீப்பிடித்ததுபோல. டெல்லி விமான நிலையத்திலிருந்து அரை மணிக்கு ஒரு முறை வெளியாகும் மெட்டார் என்ற வானிலைக் குறிப்பில் உள்ள சுருக்கெழுத்தைத்தான் பல ஆப்கள் அப்படியே மொழிபெயர்த்துக் காட்டுகின்றன. எஃப்ஜி என்றால் ஃபாக், பிஆர் என்றால் மிஸ்ட், எச்இசட் என்றால் ஹேஸ், எஃப்யூ என்றால் ஸ்மோக். பிஆரும் எஃப்யூவும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்த சுருக்கங்கள், அதனால்தான் இங்கிலீஷ் எழுத்தோடு பொருந்தவில்லை. நமக்கு இதில் உள்ள பயன் என்னவென்றால், எந்தச் சொல் என்று சந்தேகம் வந்தால் ஆப்பைப் பார்த்துவிடலாம். விமான நிலையத்தில் இருப்பது மயூர் விஹாரில் இருக்க வேண்டியதில்லைதான். ஆற்றங்கரைப் பக்கம் ஃபாக் கொஞ்சம் முன்னதாகவே பிடிக்கும்.

ஸ்மாக் பற்றி நிறையக் குழப்பம். ஸ்மோக்கையும் ஃபாக்கையும் ஒட்டுப்போட்டுச் செய்த சொல். லண்டனில் ஹென்றி டெ வூ என்ற மருத்துவர் 1905-இல் ஒரு பொதுச் சுகாதார மாநாட்டில் பயன்படுத்திய பிறகு பரவியது. அன்றைய லண்டனில் வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. அந்தப் புகை குளிர்காலப் பனியோடு கலந்து தெருவில் கட்டிக்கொண்டது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அந்த ஊரை மூடி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது இந்த வகைதான். பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் வாகனப் புகை வெயிலில் வேதிமாற்றம் அடைந்து உண்டாகும் பழுப்பு மூட்டத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள், அதில் ஃபாக்கே கிடையாது. அதனால் இன்று ஸ்மாக் என்றால் நகரத்தை மூடிய அழுக்குக் காற்று என்ற பரந்த பொருள் வந்துவிட்டது.

கறாராகப் பார்த்தால் டெல்லியில் நவம்பர் முதல் வாரத்தில் தீபாவளிப் புகையும், பஞ்சாப் ஹரியானா வயல்களில் நெல்தாள் எரிக்கும் புகையும் சேர்ந்து நிற்பது ஹேஸ். அப்போது காற்றில் ஃபாக் உண்டாகும் அளவுக்கு ஈரம் பெரும்பாலும் இருக்காது. டிசம்பர் கடைசியில் நிஜமான ஃபாக் வந்து அதே புகையோடு கலக்கிறதே, அதுதான் அசல் ஸ்மாக். பத்திரிகைகள் இரண்டையும் ஸ்மாக் என்றே எழுதும், அகராதியும் ஒத்துக்கொள்ளும். நீங்களும் எழுதலாம். என் அபிப்பிராயத்தில், புகையைப் பற்றிப் புகார் சொல்லும்போது ஸ்மாக் என்றும், வெறும் காட்சியை வருணிக்கும்போது ஹேஸ் என்றும் வைத்துக்கொண்டால் எழுத்து தெளிவாக இருக்கும். ஃபாக் என்ற சொல்லைப் புகைக்குப் பயன்படுத்துவதுதான் நிஜமான தப்பு. ஏதோ இயற்கையாக வந்த குளிர்காலச் சமாச்சாரம் என்று ஆகிவிடுகிறது.

காற்றின் தரத்தைச் சொல்லும் சொற்களும் அளவுச் சொற்களே. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஏக்யூஐ கணக்கில் 201 முதல் 300 வரை புவர், 301 முதல் 400 வரை வெரி புவர், 401-க்கு மேல் சிவியர். ஆகவே 350 இருக்கும் நாளில் 'சிவியர் பொல்யூஷன்' என்று ஆபீஸ் அறிக்கையில் எழுதினால் தகவல் பிழை. 'வெரி புவர் ஏர் குவாலிட்டி' என்றே எழுதுங்கள்.

இனி வினைச்சொற்கள். தமிழில் பனி 'பெய்கிறது', 'கொட்டுகிறது', 'விழுகிறது', 'மூடுகிறது' என்று பழகியதால் 'ஃபாக் இஸ் ஃபாலிங்' என்று வந்துவிடும். ஃபாக் விழாது. டெல்லி மாதிரியான சமவெளியில் அது இருந்த இடத்திலேயே உண்டாகிறது. மேகமில்லாத ராத்திரி, காற்று அசையவில்லை, இரண்டு நாள் முன்பு பெய்த மழையில் மண் ஈரமாக இருக்கிறது. தரை வேகமாகக் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று பனிநிலைக்கு இறங்கியதும் ஈரம் துளியாகிவிடுகிறது. ஆகவே 'ஃபாக் ஃபார்ம்ட் ஓவர்நைட்' என்பது மிகச் சரி. 'ஃபாக் செட்டில்ட் ஓவர் தி சிட்டி', 'ஃபாக் பிளாங்கெட்டட் தி சிட்டி' இரண்டும் நன்றாக இருக்கும். 'ரோல்ட் இன்' என்று பேப்பரில் அடிக்கடி வருகிறது. அது கடலிலிருந்தோ பள்ளத்தாக்கிலிருந்தோ நகர்ந்து வருவதற்கு உள்ள சொல். கொடைக்கானலில் மதியம் மூன்று மணிக்கு ஏரிப் பக்கம் ஏறி வருவதைச் சொல்ல அதைவிட நல்ல சொல் கிடையாது. டெல்லிக்கு ஏன் போடுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை, பழக்கதோஷமாக இருக்கலாம்.

இருந்துகொண்டே இருப்பதற்கு ஹேங் அல்லது லிங்கர்: 'தி ஹேஸ் ஹங் ஓவர் தி ரிவர் ஆல் டே'. அடர்வது திக்கன், மெலிவது தின். போவதற்கு மூன்று சொல், மூன்றும் கொஞ்சம் வேறு. லிஃப்ட் என்றால் அடியிலிருந்து மேலே எழுகிறது, தரை தெளிந்து மேலே தாழ்ந்த மேகம்போல் நிற்கும். பர்ன் ஆஃப் என்றால் வெயில் சுட்டுக் கரைக்கிறது. கிளியர் என்பது பொது. மூன்றையும் செயப்பாட்டு வினையாக்க வேண்டாம். 'தி ஃபாக் காட் கிளியர்ட்' என்று நம்மவர்கள் எழுதுவது 'பனி கிளியர் ஆயிடுச்சு' என்பதன் நிழல். 'தி ஃபாக் கிளியர்ட் பை லெவன்' என்றால் முடிந்தது. ஹேஸுக்கு லிஃப்டும் பர்ன் ஆஃபும் அவ்வளவாகப் பொருந்தாது. காற்று வீசினால் டிஸ்பெர்ஸ் ஆகும், மழை பெய்தால் வாஷ்ட் அவே.

வாக்கியத் தொடக்கம் இன்னொரு பொறி. 'டுடே ஃபாக் இஸ் தேர்' வேண்டாம், 'இட் இஸ் ஃபாகி டுடே' போதும். 'கிளைமேட் இஸ் ஃபாகி' கண்டிப்பாக வேண்டாம். இன்றைக்கு இருப்பது வெதர், முப்பது வருஷச் சராசரிதான் கிளைமேட். இந்தத் தப்பு தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களின் முத்திரை மாதிரி ஆகிவிட்டது, 'ஊர்ல சூப்பர் கிளைமேட்' என்று பேசிப் பேசியே வந்தது.

விசிபிலிட்டிக்கு வரும் சின்னச் சொற்களில் கவனம் வேண்டும். 'விசிபிலிட்டி டிராப்ட் டு 50 மீட்டர்ஸ்' என்றால் 50-இல் வந்து நின்றது. 'டிராப்ட் பை 50 மீட்டர்ஸ்' என்றால் முன்பு இருந்ததில் 50 குறைந்தது, 800 இருந்தால் இப்போது 750. செய்திக்கு நேர் எதிரான அர்த்தம். பெயரடை லோ அல்லது புவர், லெஸ் இல்லை. ஒன்றுமே தெரியாவிட்டால் ஜீரோ அல்லது நில். விமான நிலைய அறிவிப்பில் விசிபிலிட்டியோடு ஆர்விஆர் என்றும் ஒரு எண் வரும். முதலாவது பொதுவாகச் சுற்றிலும் தெரியும் தூரம், இரண்டாவது ஓடுபாதையில் விமானிக்கு விளக்கும் கோடும் தெரியும் தூரம், கருவி வைத்து அளப்பது. அதனால் விசிபிலிட்டி பூஜ்யமாக இருக்கும்போதும் ஆர்விஆர் 150 என்று வரலாம், முரண்பாடு இல்லை. டெல்லியில் கேட் த்ரீ பி என்ற, அடர்ந்த பனியிலும் கருவி உதவியோடு இறங்கும் வசதியில் ஆர்விஆர் 50 மீட்டர் வரை தரையிறங்க முடியும். விமானமும் விமானியும் அந்தத் தகுதி பெற்றிருக்க வேண்டும், அதைத்தான் 'கம்ப்ளையன்ட்' என்று அறிவிப்பில் சொல்கிறார்கள். தகுதியில்லாவிட்டால் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படும்: டைவர்ட்டட். தாமதம் டிலேட். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆறு மணி நேரம் பிந்தி ஓடினால் 'ரன்னிங் சிக்ஸ் அவர்ஸ் லேட்', நடுவில் 'பை' எதுவும் வேண்டியதில்லை.

உங்கள் மெயிலை இப்படி எழுதலாம்: 'டென்ஸ் ஃபாக் இன் மயூர் விஹார் திஸ் மார்னிங், விசிபிலிட்டி இஸ் வெரி லோ. ஐ வில் ஸ்டார்ட் ஒன்ஸ் இட் லிஃப்ட்ஸ் அண்ட் எக்ஸ்பெக்ட் டு ரீச் பை லெவன்.' இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

அடுத்தது பரப்புகள். நம் பேச்சில் கண்ணாடி 'ஆவி படிஞ்சிருக்கு', 'மங்கலா இருக்கு', 'பூத்திருக்கு' என்கிறோம். இதை 'தி கிளாஸ் இஸ் ஃபுல் ஆஃப் ஸ்மோக்' என்று பெயர்த்தால் எங்கோ எரிகிறது என்று அர்த்தமாகிவிடும். படிந்த ஈரத்துக்குப் பெயர் கண்டென்சேஷன். வினையாகச் சொல்ல மூன்று வழி. ஃபாக் அப் எல்லா இடத்திலும் செல்லும், அமெரிக்கர்கள் அதிகம் சொல்வது. மிஸ்ட் அப் பிரிட்டிஷ் பழக்கம், இரண்டுக்கும் அர்த்தத்தில் வித்தியாசமில்லை. ஸ்டீம் அப் மட்டும் வெந்நீர், கொதிக்கும் சாம்பார், சூடான காபி என்று ஆவிக்குக் காரணம் எதிரே இருக்கும்போது. ஆகவே பாத்ரூம் கண்ணாடி ஸ்டீம்ட் அப், டிசம்பர் காலையில் கார் கண்ணாடி ஃபாக்ட் அப். பில்டர் காபி டம்ளரை வாயருகில் கொண்டுபோனால் மூக்குக்கண்ணாடிக்கு 'மை கிளாசஸ் ஸ்டீம்ட் அப்', மெட்ரோ ஏசியிலிருந்து ஜூலை மாதத் தெருவுக்கு இறங்கியதும் மங்கினால் 'மை கிளாசஸ் ஃபாக்ட் அப்'. கிளாசஸ் எப்போதும் பன்மை. 'மை ஸ்பெக்ஸ் ஹாஸ் ஃபாக்ட்' என்று எழுதக்கூடாது, ஹேவ்.

ஏன் படிகிறது என்பது தெரிந்தால் எந்தப் பக்கம் துடைக்க வேண்டும் என்பதும் தெரியும். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால் அந்தக் காற்றின் டியூ பாயின்ட், அதாவது ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 12 டிகிரி. ஜன்னல் கண்ணாடி 12-க்குக் கீழே குளிர்ந்த நிமிஷம் உள்பக்கம் ஈரம் பிடிக்கும். டெல்லி ஜனவரியில் ராத்திரிக்கு ராத்திரி நடப்பது இதுதான். மழைக்காலத்தில் தலைகீழ்: வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் டியூ பாயின்ட் 27-க்கு வந்துவிடும். காருக்குள் ஏசி ஓடி முன் கண்ணாடி அதைவிடக் குளிர்ந்துவிட்டால் ஈரம் வெளிப்பக்கம் படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது.

அதனால் மெக்கானிக்கிடமோ ஆபீஸ் டிரைவரிடமோ இங்கிலீஷில் சொல்ல நேர்ந்தால் 'ஆன் தி இன்சைட்', 'ஆன் தி அவுட்சைட்' என்று சேர்த்துச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். வெளிப்பக்கம் என்றால் வைப்பரை ஒரு தட்டு தட்டி, ஏசி குளிரைக் குறைத்து, கண்ணாடிமேல் அடிக்கும் வென்ட்டைத் திருப்பிவிட வேண்டும். உள்பக்கம் என்றால் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, ஹீட்டரோடு ஏசியையும் போட வேண்டும். குளிரில் ஏசியா என்று தோன்றும். ஏசி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி எடுக்கிறது, ஹீட்டர் கண்ணாடியைச் சுடவைக்கிறது, இரண்டும் சேர்ந்தால் ஓரிரு நிமிஷத்தில் தெளியும். இங்கே டெல்லிக்கே உரிய ஒரு தொல்லை: வெளிப்புகை வரக்கூடாது என்று எல்லோரும் ரீசர்குலேஷனை அமுக்கி வைத்திருப்பார்கள். நாலு பேர் மூச்சும் உள்ளேயே சுற்றும், கண்ணாடி மங்கிக்கொண்டே இருக்கும். கண்ணாடி தெளியும்வரை ஃப்ரெஷ் ஏருக்கு மாற்றிவிட்டுப் பிறகு திருப்பிப் போடலாம். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டீமிஸ்டர் அல்லது டீஃபாகர். பின்கண்ணாடியில் ஓடும் மெல்லிய கம்பிக் கோடுகள் ரியர் டீஃபாகர், அதைச் சுரண்டித் துடைத்தால் கோடு அறுந்துவிடும். டீஃப்ராஸ்டர் என்பது உறைந்த பனியை உருக்குவது, ஆனால் பல கார்களில் அதே பட்டனுக்கு அந்தப் பெயர் எழுதியிருக்கும். முன்கண்ணாடி நமக்கு விண்ட்ஸ்கிரீன், அமெரிக்காவில் விண்ட்ஷீல்ட்.

மூக்குக்கண்ணாடிக்கு மாஸ்க்கின் மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி வளைப்பதே முதல் வைத்தியம். மேலே கசியும் வெப்ப மூச்சுதான் காரணம். கண்ணாடியில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் தடவித் துடைத்துவிட்டால் ஈரம் துளித்துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவிவிடும், மங்கல் தெரியாது. ஆன்டி ஃபாக் ஸ்பிரே என்று விற்பதும் இந்த வேலையைத்தான் செய்கிறது. இங்கே இரண்டு சொல் கிடைக்கிறது: துளித்துளியாக நிற்பது பீட்ஸ், பரவி நிற்பது ஃபிலிம். துளிகள் சேர்ந்து கோடாக வழிந்தால் டிரிக்கிள், காய்ந்தபின் நிற்கும் தடம் ஸ்ட்ரீக்.

ஈரமே இல்லாமல் மங்கிய கண்ணாடிக்கு இந்தச் சொற்கள் எதுவும் செல்லாது. விரல்பட்ட எண்ணெய்த் தடம் ஸ்மட்ஜ், துடைக்கப்போய் இழுபட்டது ஸ்மியர், சமையலறை எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியது கிரைமி, வெறும் தூசி டஸ்டி. பாத்ரூம் கதவில் வேண்டுமென்றே மங்கலாக்கிய கண்ணாடி ஃப்ராஸ்டட் கிளாஸ், கறுப்பாக்கியது டின்டட். பழைய காரின் ஹெட்லைட் மஞ்சளாகப் பூத்துப்போனால் க்ளவுடி அல்லது ஹேஸ்டு ஓவர். வெயில் பட்டு மேல்பூச்சு கெட்டது அது, பாலிஷ் போட்டால் போகும். ஹெட்லைட்டுக்கு உள்ளே துளி நின்றால் 'கண்டென்சேஷன் இன்சைட் தி ஹெட்லைட்', சீல் போயிருக்கலாம், பாலிஷ் உதவாது. சர்வீஸ் சென்டரில் இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் தப்பான வேலைக்குப் பில் வரும்.

பிளர்டு என்பதைக் கண்ணாடிக்குச் சொல்ல வேண்டாம். கண்ணாடி ஃபாக்ட், அதன் வழியே தெரியும் காட்சி பிளர்டு. கண்புரைக்குக் கண் டாக்டர் சொல்வது க்ளவுடி விஷன். மகளின் கட்டுரைக்கு உவமைப் பொருளில் சில: தெளிவில்லாத ஞாபகம் ஹேஸி மெமரி, கலங்கிய கண் மிஸ்ட்டி ஐஸ், சந்தேகத்துக்குரிய கடந்தகாலம் மர்க்கி பாஸ்ட், சுத்தமாகத் தெரியாது என்பதற்கு 'ஐ ஹேவன்ட் தி ஃபாகியஸ்ட்'. கடைசியது பேச்சுவழக்கு, பரீட்சைத் தாளில் வேண்டாம்.

வாடகை வீட்டில் இருப்பதால் இன்னொன்றும் உதவும். குளிர்காலத்தில் சுவரில் ஈரமும் கறுப்புப் பூஞ்சையும் தெரிந்தால் வீட்டுக்காரர் 'கண்டென்சேஷன்' என்பார், அதாவது நீங்கள் ஜன்னலைத் திறப்பதில்லை என்று. நீங்கள் 'சீபேஜ்' என்பீர்கள், அதாவது குழாயோ வெளிச்சுவரோ கசிகிறது, செலவு அவருடையது. யார் சொல்வது சரி என்று பார்க்க ஒரு அடிச் சதுரம் அலுமினியம் ஃபாயிலை அந்தச் சுவரில் நாலு ஓரமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். முதலில் அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்துவிடுங்கள். ஒன்று இரண்டு நாள் கழித்து அறையைப் பார்த்த பக்கம் ஈரம் இருந்தால் கண்டென்சேஷன். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் போட்டு, துணியை உள்ளே காயப்போடுவதை நிறுத்த வேண்டும். ஃபாயிலுக்குப் பின்னால், சுவரை ஒட்டிய பக்கம் ஈரம் இருந்தால் சீபேஜ். போட்டோ எடுத்து, 'தேர் இஸ் சீபேஜ் பிஹைண்ட் தி பெட்ரூம் வால். தி வால் இஸ் டேம்ப் அண்ட் மோல்டு இஸ் ஃபார்மிங்' என்று வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். டேம்ப் என்பதன் கடைசியில் பி உண்டு, மோல்டுக்கு பிரிட்டிஷ் எழுத்தில் ஒரு யூ.